எண்பத்திநாலு மூட்டையும் ஒரு ரூமும்

ஏனுங்க, அந்தப் பேப்பர்ல வணிகப் பக்கத்தை மட்டும் உருவிக் குடுக்கறீங்களா? நீங்க சினிமாப் பக்கந்தான படிக்கறீங்க, ரெண்டே நிமிசம், திருப்பிக் குடுத்தர்றேன்.

ம். விரலி மஞ்சள் குவிண்டால் ஏழாயிரத்து நானூத்தம்பது. கிழங்கு ஆறாயிரத்து எண்ணூறு. சரி, போகட்டும். ஏறும். இன்னைக்கு ஏறலைன்னா நாளைக்கு ஏறும். மஞ்சளுக்குக் காலு இருக்குதுங்க, மெதுவா நடக்கும்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. அரச்சலூருக்குப் பக்கத்துல. பேரைக் கேட்டதும் எங்கியோ படிச்சாப்ல இருக்குதுங்களா? இல்லீங்களா? மலைக்கோயில்ல உத்தரவுப் பெட்டி மேல ஏழு மாசத்துக்கு முந்தி ஒரு தாள் ஒட்டியிருந்துச்சே, பேரு ஊரெல்லாம் போட்டு? அந்தச் சென்னியப்பன் நாந்தானுங்க.

ஓ, நீங்க தஞ்சாவூர்ப் பக்கமுங்களா. அப்ப உங்களுக்குப் பெட்டி தெரியாது. சொல்றேன், இந்த பஸ்சு ஈரோடு போகறதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். எங்க பக்கம் ஒரு மலை மேல முருகன் இருக்காரு. சன்னதிக்கு முன்னால ஒரு கண்ணாடிப் பெட்டி. யாரு கனவுலயாவது சாமி வந்து ஒரு பொருளைச் சொன்னார்னா, அவுங்க கோயிலுக்குப் போயிச் சொல்லோணும். செகப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளப் பூ ஒரு பொட்டலம், ரெண்டையும் சாமி முன்னால வெச்சு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளப் பூ வந்துச்சுன்னா உத்தரவு. அந்தப் பொருளைப் பெட்டியில வெச்சுருவாங்க. அடுத்த ஆளுக்குக் கனவு வர்ற வரைக்கும் அதுதான் இருக்கும். பெட்டியில இருக்கற பொருளுக்கு நாட்டுல ஏதோ ஒண்ணு நடக்கும். ஏறும், இல்லைன்னா எறங்கும். சும்மா இருக்காது.

இந்தாளு மூடநம்பிக்கைக்காரன்னு நெனைக்கறீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நான் அப்படிப்பட்ட ஆளில்லீங்க. லாரி எடை மேடையில முப்பத்தோரு வருசம் குந்தி எடை போட்டவன். முள்ளு காட்டாத எதையும் நான் நம்ப மாட்டேன். இருபத்திரண்டு வருசமா ஒரு நோட்டு போட்டு வெச்சிருக்கேன். ஒரு பக்கம் ரிசர்வ் வங்கி வட்டி. இன்னொரு பக்கம் பெட்டியில என்ன இருந்துச்சுன்னு. ரெண்டும் ரெண்டு இலாகாங்க, அவ்வளவுதான். ஒண்ணு மும்பைல இருக்குது, ஒண்ணு மலை மேல இருக்குது. ரெண்டு பேரும் முன்கூட்டி எதையும் வெளிப்படையாச் சொல்ல மாட்டாங்க. நாமதான் பொருள் கண்டுபிடிச்சுக்கோணும்.

ஆறு வருசத்துக்கு முந்தி நான் ஓய்வு பெத்து வந்த வாரம் பெட்டியில மஞ்சத் துணி இருந்துச்சு. அதே வாரம் மும்பைல வட்டியைக் கால் சதம் கொறைச்சாங்க. யோசிச்சுப் பாருங்க. வட்டி கொறஞ்சா பேங்குல போட்டு வெக்கறவன் முட்டாளு. துணி மஞ்சள். வேற என்ன வேணும்? கையில வந்த நாலு லட்சத்துக்கும் விரலி மஞ்சள் வாங்கிப் போட்டுட்டேன். எண்பத்திநாலு மூட்டை. குவிண்டால் ஏழாயிரத்து நானூறுன்னு.

என்ற ஊட்டுக்காரி துளசிமணி அன்னைக்கே சொன்னா. "அது மஞ்சத் துணிங்க. சாமியாருக ஏதாச்சும் செய்வாங்களோ என்னமோ. மஞ்சளுக்கு என்ன ஆகும்னு அதுல எங்க எழுதியிருக்குது?" அவளுக்குப் பொருளாதாரம் தெரியாதுங்க. எட்டாவது.

அடுத்த வருசம் ஆறாயிரத்து நூறுக்கு வந்துச்சு. வரட்டும். பொறுத்தார் பூமி ஆள்வார். குடோன்ல வெச்சிருந்தேன், ஈரோட்டுல, பெரியதம்பின்னு ஒருத்தரோடது. எல்லாரும் விக்காம வெச்சுக்கிட்டே இருந்ததால குடோன்ல எடம் பத்தல, வாடகையை ஏத்திக்கிட்டே போனாரு. சரக்கு வெல எறங்குது, சரக்கு தூங்கற எடத்துக்கு வெல ஏறுது. இது என்ன நாயமுங்க? அந்தச் சமயத்துல என்ற மக இந்துமதிக்குக் கலியாணமாச்சு. நாமக்கல்ல குடுத்தோம். அவ ரூமு சும்மா கெடந்துச்சு. பத்துக்குப் பன்னண்டு. வாடகை இல்ல. ஒரு நாள் டெம்போவை வெச்சு எண்பத்திநாலையும் ஊட்டுக்கே கொண்டாந்துட்டேன்.

அறுபது ரூமுக்குள்ள போச்சு, கூரை முட்ட. மீதி இருபத்துநாலு ஆசாரத்துல. ஆசாரம்னா ஹாலுங்க. டிவி பாக்கறதுக்கு மூட்டை மேல ஏறி உக்காந்துக்குவேன், கொஞ்சம் தலை இடிக்கும். துளசி சமையக்கட்டுல படுத்துக்குவா. வண்டு விழாம இருக்க மூணு மாசத்துக்கு ஒருக்கா மருந்து வைக்கோணும், அன்னைக்கு மட்டும் ரெண்டு பேரும் மாமரத்தடியில படுத்துக்குவோம். மத்தபடி ஒரு தொந்தரவும் இல்ல.

இப்படி அஞ்சு வருசம் ஓடிருச்சு. போன வருசம் இந்துமதிக்கு நாள் தள்ளிப்போச்சு. தலைப் பிரசவம். எங்க பக்கம் கட்டுச்சோறு ஆக்கி எடுத்துட்டுப் போயி மகளைத் தாய் ஊட்டுக்குக் கூட்டியாந்தறோணும். தலைப் பிரசவம் தாய் ஊட்டுலதான். அதுல மாத்துப் பேச்சே கெடையாது. அஞ்சாம் மாசத்துலயே துளசி ஆரம்பிச்சுட்டா.

"ரூமைக் காலி பண்ணுங்க."

"பண்ணலாம். பாலிசி வரட்டும்."

"என்ன பாலிசி?"

பொறுமையா உக்காத்தி வெச்சுச் சொன்னேனுங்க. மும்பைல வட்டி கொறஞ்சா டாலர் நகரும். டாலர் நகர்ந்தா ஏற்றுமதி நகரும். ஏற்றுமதி நகர்ந்தா இந்த மூட்டை நகரும். மூட்டை நகர்ந்தா ரூமு காலி. இதுல எங்கியாச்சும் தப்பு இருக்குதுங்களா? இல்லையே. அவ என்ன கேட்டா தெரியுங்களா?

"மும்பைக்காரன் வட்டியக் கொறைச்சாத்தான் என் மக பெத்துக்கோணுமா? அவ பத்து மாசந்தான் தாங்குவா. உங்க டாலர் எத்தனை மாசத்துல நகரும்?"

பதில் இல்லாம இல்லீங்க. சொன்னா அவளுக்குப் புரியாது. மஞ்சள் கிருமிநாசினி, புள்ளத்தாச்சிக்கு நல்லதுதான், மூட்டைக்கு நடுவுல ஒரு கட்டில் போட்டுக்கலாம்னு கூடச் சொன்னேன்.

அப்பத்தான் கனவு வந்துச்சு. ஆறாம் மாசம். மத்தியானம் கம்மஞ்சோறு தின்னுபோட்டு ஆசாரத்து மூட்டை மேல கண்ணசந்தேன். கனவுல இந்துமதி வந்தா. வாசப்படில நிக்கறா. மூஞ்சி பூரா மஞ்சள். கையில ஒரு துணி மூட்டை. வாய் அசையுது, என்னமோ சொல்றா. என்ன சொன்னான்னு காதுல விழல. ஆனா மஞ்சள் மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது.

துள்ளி எந்திரிச்சேன். மண்டை கூரையில இடிச்சுது. அதைக்கூடப் பாக்கல, நேரா மலைக்கு வண்டி ஏறிட்டேன்.

கோயில்ல கேட்டாங்க. "கனவுல என்ன கண்டீங்க?"

"மஞ்சளுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

மக வந்ததை நான் சொல்லல. அது குடும்ப விசயம். மார்க்கெட்டுக்குத் தேவையில்லாத தகவல். பூப் போட்டாங்க. வெள்ளப் பூ. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. ஒரு கிண்ணம் நெறய விரலி மஞ்சளைப் பெட்டியில வெச்சு, மேல தாள் ஒட்டுனாங்க. சென்னியப்பன், அரச்சலூர்.

அடுத்த நாளே கூட்டம். கார்ல வர்றாங்க. எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கறாங்க. கம்மஞ்சோறுன்னேன். அந்த வாரச் சந்தையில கம்பு கிலோவுக்கு நாலு ரூபா ஏறிருச்சு. ஒரு தேங்காப் பருப்பு வியாபாரி எலவம்பஞ்சு மெத்தை கொண்டாந்து எறக்குனாரு. "அடுத்த கனவுல நம்மளையும் கொஞ்சம் நெனச்சுக்கங்க"ன்னாரு. கோயமுத்தூர்ல இருந்து ஷேர் ஆபீஸ்காரப் பொண்ணு போன் பண்ணுச்சு. சார், பேங்க் பங்கு ஏதாவது தெரிஞ்சுதான்னு. சாமி கிட்டத் தனியார் பேங்கா அரசு பேங்கான்னு நான் எப்படிக் கேக்கறது?

மஞ்சள் ஏறுச்சுங்க. ஒம்பதாயிரம். பதினோராயிரம். நாப்பது நாள்ல பதினாலாயிரத்து அறுநூறு. ஏதோ நாட்டுல மழை இல்ல, எங்கியோ வெள்ளாமை கொறஞ்சுதுன்னு பேப்பர்ல காரணம் போட்டாங்க. போடட்டும். காரணம் எழுதறது அவுங்க வேலை.

குடோன்ல வருசக்கணக்கா வெச்சிருந்த பெரிய கையெல்லாம் வித்துத் தள்ளிட்டாங்க. காத்துள்ளபோதே தூற்றிக்கோன்னு பெரியதம்பியே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. துளசி ஒரு படி மேல போயி டெம்போக்காரனையே கூட்டியாந்து வாசல்ல நிறுத்திட்டா. "இன்னைக்கு வித்தா எட்டு லட்சத்துக்குக் கொறையாது. ரூமும் காலி. இந்துவுக்கு எட்டாம் மாசம் பொறந்தாச்சு."

நான் டெம்போவைத் திருப்பி அனுப்பிச்சுட்டேன். ஏன் தெரியுங்களா? நான் சாதாரண ஆளா இருந்தா வித்திருப்பேன். நாந்தான கனவு கண்டவன். கனவு கண்டவனே வித்துட்டா மார்க்கெட் என்ன நெனைக்கும்? ரிசர்வ் வங்கிக் கவர்னரு மூட்டை கட்டி ரூபாய வித்துட்டு டாலர் வாங்குனா நாடு தாங்குமா? அந்த மாதிரிப் பொறுப்பு அது. அதுவுமில்லாம என்ற நோட்டுப்படி இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் எடம் இருந்துச்சு.

என்னைப் பாத்து அக்கம்பக்கத்துல எல்லாரும் வாங்குனாங்க. பதிமூணுக்கு, பதினாலுக்கு. சென்னியப்பனே ஊட்டுலதான் வெச்சிருக்காருன்னு அவுங்களும் ஊட்டுல அடுக்குனாங்க. எங்க வீதியில பதினோரு ஊடு. ஒம்பது ஊட்டுல மஞ்சள். வீதிக்குள்ள வந்தா கண்ணு எரியும். பெருமையா இருந்துச்சுங்க.

அப்பறம் எறங்குச்சு. எப்படி ஏறுச்சோ அதே வேகத்துல. பன்னண்டு, பத்து, எட்டு. கோயில் பெட்டியில வேற யாரோ கனவு கண்டு ஒரு சொம்புத் தண்ணிய வெச்சுட்டாங்க, என்ற தாளைக் கிழிச்சாச்சு. வீதியில சில பேரு என்னைப் பாத்தா அக்கட்டால திரும்பிக்கறாங்க. நான் சொன்னேன், இது திருத்தம்ங்க, சரிவு இல்ல. திருத்தம் முடிஞ்சதும் ஏறும். ஒருத்தர் செருப்பைக் கழட்டுனாரு. பொருளாதாரம் படிக்காதவங்க, என்ன பண்றது.

ஒரு நாள் சோறு திங்கறப்ப துளசிக்கு நெலவரத்தை வெளக்கிக்கிட்டு இருந்தேன். பெரிய கையெல்லாம் வித்ததால குடோனெல்லாம் காலி, பெரியதம்பி ஈ ஓட்டறாரு, வாடகை பாதிக்கும் கீழ வந்துருச்சுன்னு. அவ ரசத்தை ஊத்துனா. "எவ்வளவு பெரிய குடோனுங்க அது?"ன்னு மட்டும் கேட்டா. முப்பதுக்கு அறுபது, நல்ல காத்தோட்டம், பக்கத்துலயே பெரியாஸ்பத்திரின்னேன். விசயத்துல ஆர்வம் வருதேன்னு சந்தோசப்பட்டேன்.

அடுத்த நாளு சாயந்தரம் அவ கழுத்துல சங்கிலி இல்ல. வித்துட்டா. தங்கம் அன்னைக்கு உச்சம். அதுக்கு அடுத்த நாளே எறங்கிருச்சுன்னு பின்னாடிதான் பேப்பர்ல பாத்தேன். அவளுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்சாப்ல ஒண்ணு அமைஞ்சிருச்சு. அந்தக் காசைக் கொண்டு போயிப் பெரியதம்பி குடோனை மூணு வருசத்துக்குக் குத்தகைக்கு எடுத்துட்டா. மூணு வருசம் வாடகை ஏத்தக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கா.

துளசி கட்டுச்சோறு ஆக்கிட்டு நாமக்கல் போயி, இந்துமதியக் கூட்டிக்கிட்டு நேரா குடோனுக்குப் போயிட்டா. சம்பந்தி ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்களோன்னு எனக்கு ஒரே வெசனம். அவுங்க வந்து பாத்துட்டு, "பரவாயில்லீங்க, காத்து நல்லா வருது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மஞ்சள் இருக்க வேண்டிய எடத்துல மக, மக இருக்க வேண்டிய எடத்துல மஞ்சள். ஆனா பாருங்க, வாடகைக் கணக்குல இது ஒண்ணும் மோசமில்ல.

பேத்தி பொறந்தா. மூணு கிலோ நூத்தம்பது கிராம். தராசுல வெச்சப்ப நானே முள்ளைப் பாத்தேன். அந்தக் கையி, அந்த வெரலு, எனக்குச் சொல்லத் தெரியலீங்க. தூக்கிக்கறேன்னேன். "சட்டையெல்லாம் மஞ்சத்தூளு, கொழந்தைக்கு ஆகாது, குளிச்சுட்டு வேற துணி போட்டுட்டு வாங்க"ன்னுட்டா துளசி. ஊட்டுல எந்தத் துணிய எடுத்தாலும் மஞ்சத்தூளுதான். இதுவரைக்கும் தூக்கல. மூணு மாசமாச்சு.

குடோன் வாசல்ல ஒரு வாட்ச்மேன் இருக்காரு. உள்ள போறப்ப நோட்டுல எழுதச் சொல்லுவாரு. பேரு, என்ன சரக்கு, எத்தனை மூட்டைன்னு அதுல கட்டம் இருக்கும். நான் பேரை மட்டும் எழுதிட்டுப் போவேன்.

இப்ப அங்க இந்துமதி மட்டுமில்லீங்க. எங்க வீதியில ஒம்பது ஊட்டுல மஞ்சள் இருக்குதுன்னேனே, அதுல மூணு ஊட்டுல பொண்ணுக தலைப் பிரசவத்துக்கு வரோணும். எங்க வருவாங்க? துளசி கிட்டத்தான். நடுவுல சேலையக் கட்டித் தடுத்து எடம் குடுத்திருக்கா. கூலி வாங்கறா. பத்தியச் சோறு ஆக்கறா, கொழந்தைக்கு எண்ண தேச்சு வாக்கறா. நாலு தொட்டில் தொங்குது உத்தரத்துல. வெளியூர்ல இருந்தும் கேக்கறாங்களாம். இது எதிர்பாராம அமைஞ்ச தேவைன்னு அவளுக்குச் சொன்னேன். என்ற கனவு இல்லைன்னா இது நடந்திருக்குமான்னு கேட்டேன். அவ சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

நான் மாசத்துக்கு நாலு தடவை போறேன். போறப்பெல்லாம் ஊட்டுல இருந்து ஏதாச்சும் ஒண்ணு கொண்டாரச் சொல்லுவா. மொதல்ல மிக்சி. அப்பறம் இட்லித் தட்டு. அவ தையல் மிசினு. இன்னைக்கு ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும். இந்தப் பையில இருக்குது. வெல ஏறி மூட்டை போற வரைக்கும் அவளுக்கு எல்லாம் அங்க இருந்தா வசதிதான. அடுத்த மாசம் இந்துமதி புருசன் ஊட்டுக்குப் போயிருவா, அப்பறம் துளசி மட்டும் அங்க எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டிருக்கலாம்.

போன வியாழக்கிழமை நானே எறங்கி வந்துட்டேனுங்க. இருபத்தஞ்சாயிரமெல்லாம் வேண்டாம்னு மனசு விட்டுப்போச்சு. காலைல எந்திரிச்சு மூட்டை மேல உக்காந்து காப்பி குடிக்கறேன், ஊட்டுல ஒரு பாத்திரச் சத்தம் இல்ல. எனக்கு அழுகை வந்துருச்சு. சும்மா எதுக்குப் பொய் சொல்லோணும், அழுதேன். குளிச்சேன். கடையில புதுசா ஒரு வேட்டி சட்டை வாங்கி, அங்கியே கட்டிக்கிட்டு, ஊட்டுக்குத் திரும்பாம நேரா குடோனுக்குப் போனேன்.

துளசி காலை நீட்டிப் பேத்தியப் போட்டு எண்ண தேச்சுக்கிட்டு இருந்தா. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். "துளசி, நாளைக்கே வித்துப் போடறேன். வாங்குன வெலைக்கே போனாலும் போகட்டும். ரூமைக் கழுவி விட்டு வெள்ளையடிச்சு வெக்கறேன். ஊட்டுக்கு வா."

அவ நிமுந்து என்னையப் பாத்தா. கோவமெல்லாம் இல்லீங்க. கோவத்துல அவ மூஞ்சி எனக்குத் தெரியும். தெரியாத ஆளு வழி கேட்டாச் சொல்லுவமே, அந்த மாதிரி நிதானமாச் சொன்னா.

"விக்க வேண்டாமுங்க. அது அங்கியே இருக்கட்டும்."

அவ்வளவுதான். மறுபடியும் எண்ண தேய்க்க ஆரம்பிச்சுட்டா.

நீங்களே சொல்லுங்க. ஆறு வருசமா வித்துத் தொலைங்க, வித்துத் தொலைங்கன்னு உசுரை எடுத்தவ. கடைசில அவ வாயாலயே சொல்றா, விக்க வேண்டாம்னு. அப்ப மார்க்கெட் அவளுக்குப் புரிஞ்சு போச்சுன்னுதான அர்த்தம்? எட்டாவது படிச்சவளுக்கு நெலவரம் புரிய வெச்சிருக்கேன். சந்தோசந்தானுங்க எனக்கு. ரொம்பச் சந்தோசம்.

என்ன, அன்னைலிருந்து எனக்குச் சோறு மட்டும் எறங்க மாட்டேங்குது. சந்தோசத்துல அப்படி ஆகுங்களா?